முதலில் குவாட்டரை எண்ணுங்கள்: வாசகர் கேள்வி பதில்

குடி, குடிமீட்பு, விழிப்புணர்வுப் பணி பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு மனநல, பொதுச் சுகாதாரத் துறைகளில் வேலை செய்பவர்களின் பதில்கள். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் ஊர்வலம், தெரு நாடகம், பள்ளிப் பிள்ளைகளின் உறுதிமொழி எல்லாம் நடத்துகிறோம். கூட்டம் சேருகிறது. குடி மட்டும் குறையவில்லை. எங்கே தவறுகிறோம்?
மகளிர் சுய உதவிக் குழுச் செயலாளர், உசிலம்பட்டி அருகே

உங்கள் உழைப்பில் குறையில்லை. தேர்ந்தெடுத்த வழிதான் பலன் தராத வழி. குடியால் வரும் கேட்டைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2018-ல் 'சேஃபர்' என்ற பெயரில் ஐந்து வழிகளைச் சொன்னது. மது எளிதில் கிடைப்பதைக் கட்டுப்படுத்துவது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுப்பது, குடிப்பவரை ஆரம்பத்திலேயே கண்டறிந்து பேசிச் சிகிச்சைக்கு அனுப்புவது, விளம்பரத்தைத் தடுப்பது, விலையை உயர்த்துவது. ஊர்வலம் அந்த ஐந்தில் இல்லை. குடி கெடுதல் என்பது குடிப்பவருக்கும் தெரியும், பாட்டில் மேலேயே அச்சடித்திருக்கிறது. தான் குடிப்பது எவ்வளவு, நிறுத்த நினைத்தால் எந்தக் கிழமை யாரைப் போய்ப் பார்ப்பது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

அளவிலிருந்து தொடங்குங்கள். 10 கிராம் சுத்தச் சாராயத்தை, அதாவது ஆல்கஹாலை, ஓர் 'அளவு' என்று வைத்துக்கொள்வது நம் நாட்டு மருத்துவத்தில் வழக்கம். குவாட்டர் 180 மி.லி. அதில் 42.8 சதவீதம் சாராயம், அதாவது 77 மி.லி., எடையில் சுமார் 61 கிராம். ஆக ஒரு குவாட்டர் ஆறு அளவு, கட்டிங் மூன்று. ஒரே வேளையில் 60 கிராமைத் தொட்டாலே அதை மிதமிஞ்சிய குடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் சேர்க்கிறது. 'நான் ஒரு குவாட்டர்தான்' என்று சொல்லும் அண்ணன் அந்தக் கோட்டில்தான் நிற்கிறார். இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

நாடகத்தில் குடிகாரர் தள்ளாடி விழுவார், கூட்டம் சிரிக்கும். அதைப் பார்க்கும் குடிநோயாளி திருந்துவதில்லை, கூசிப்போய் இன்னும் மறைவாகக் குடிக்கிறார். உறுதிமொழி எடுத்த பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவுக்குப் புத்தி சொல்லி அடி வாங்குவதும் உண்டு. அந்தப் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் வைக்காதீர்கள்.

மாற்றாக ஒரே ஒரு தாள் அச்சடியுங்கள். ஒரு குவாட்டர் பாட்டில் படம், பக்கத்தில் ஆறு வட்டங்கள். கீழே மூன்று விவரம்: மனநல மருத்துவர் உங்கள் பக்கத்துத் தாலுகா மருத்துவமனைக்கு வரும் கிழமை, போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416. கிழமையை மருத்துவமனையிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு அச்சுக்குக் கொடுங்கள். பழைய விவரத்தை நம்பி ஒருமுறை போய்த் திரும்பியவர் மறுபடி கிளம்புவது அரிது. தாளை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிப் பயனில்லை. சலூன், டீக்கடை, பால் சொசைட்டி, டிராக்டர் பட்டறை என்று ஆண்கள் உட்காரும் இடமாகப் பாருங்கள்.

அடுத்தது பேச்சு. 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார் அல்லவா? குடி பிரஷரை ஏற்றும். அந்த இடத்தில் பேச்சை எடுப்பது இயல்பாக இருக்கும். "அண்ணே, மாத்திரை போட்டும் பிரஷர் 160-லயே நிக்குது. வாரத்துல நாலு நாள் குவாட்டர்னா இருபத்தி நாலு அளவு ஆச்சு. இதுல எந்த ரெண்டு நாள விட்டா உங்களுக்குச் சிரமம் இல்ல?" பத்து நிமிடம் போதும். எந்த நாள் என்பதை அவரே சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது. அடுத்த மாதம் வரும்போது அதையே கேட்க வேண்டும்.

இது பலன் தருமா என்று கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதித்து, 2017-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஆபத்தான அளவில் குடித்துவந்த 377 ஆண்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்கு அதோடு, மருத்துவப் படிப்பில்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் நான்கு அமர்வு வரை பேசினார்கள். மூன்று மாதத்தில் பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், மற்றவர்களில் 26 சதவீதம். வித்தியாசம் பத்து சதவீதம்தானே என்று தோன்றலாம். நூறு வீட்டில் கூடுதலாகப் பத்து வீடு என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் கடுமையாக அடிமைப்பட்டவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பேச்சு மட்டும் போதாது, மருத்துவர் வேண்டும்.

டாஸ்மாக் கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை. விடியற்காலையில் பெட்டிக்கடையில் சரக்கு கிடைக்கிறது என்றால் அது சட்டவிரோதம். மதுவிலக்குப் புகார் எண் 10581-க்குச் சொல்லுங்கள். கைநடுக்கத்தோடு எழுபவரைக் காலையிலேயே குடிக்க வைப்பது அந்தப் பாட்டில்தான்.

சமூகப்பணி முதுகலை மாணவன். இரண்டு கிராமங்களில் குடிப்பழக்கம் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன். எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? உண்மையைச் சொல்ல வைப்பது எப்படி?
மாணவர், மதுரை

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' வினாத்தாளில் பத்துக் கேள்விகள், 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் ஆபத்தான குடி, 20-ஐத் தொட்டால் அடிமைத்தனம் இருக்க வாய்ப்பு. முதல் மூன்று கேள்விகளை மட்டும் தனியே கேட்கலாம். அதற்கு 12 மதிப்பெண், ஆண்களுக்கு 4 வந்தாலே கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் இந்த வினாத்தாள் சறுக்குவது இரண்டாவது கேள்வியில்தான். குடிக்கும் நாளில் எத்தனை அளவு என்று கேட்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு குவாட்டர் குடிப்பவர் 'ஒண்ணு' என்பார். நீங்களும் ஒன்று என்று எழுதினால் மூன்று கேள்விக்கும் சேர்த்து 3 மதிப்பெண், ஆபத்தில்லாதவர் ஆகிவிடுவார். அதே மனிதரின் குவாட்டரை ஆறு அளவாக மாற்றி எழுதினால் 3, 2, 3 என்று 8 வரும். ஆகவே வாயால் கேட்காதீர்கள். காலி குவாட்டர், ஆஃப், பீர் பாட்டில் மூன்றையும் பையில் கொண்டுபோய்க் காட்டி, 'எதுல, எதுவரைக்கும்?' என்று விரலால் தொடச் சொல்லுங்கள். இரண்டு பேர் பகிர்ந்தார்களா என்பதையும் கேளுங்கள். கணக்கை அறைக்கு வந்து நீங்கள் போடுங்கள்.

'குடிப்பீங்களா?' என்று தொடங்கினால் 'எப்பவாச்சும்' என்ற பதில்தான் வரும். நேற்றிலிருந்து பின்னோக்கி ஏழு நாளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மனைவியோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாது. ஆண்களிடம் ஆண், பெண்களிடம் பெண் பேசுவது நல்லது. மாலை ஆறு மணிக்கு மேல் போகாதீர்கள்.

எத்தனை பேர்? நான்கில் ஒருவர் குடிக்கிறார் என்று எதிர்பார்த்து, முன்பின் 5 சதவீதத்துக்குள் விடை வேண்டுமென்றால் 288 ஆண்கள் தேவை. ஊரில் மொத்தமே 900 ஆண்கள்தான் என்றால் 218 போதும். மறுப்பவர், திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போனவர் உண்டு என்பதால் பத்து சதவீதம் கூட்டி வையுங்கள். ஆளை வாக்காளர் பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் எடுங்கள். ஊர்ப் பொதுவிடமான மந்தையில் உட்கார்ந்திருப்பவரை மட்டும் கேட்டால் வேலைக்குப் போகிறவர் விடுபட்டுப்போவார்.

இரண்டு ஊரையும் ஒரே மாதத்தில் அளங்கள். ஒன்றில் மட்டும் விழிப்புணர்வுப் பணி செய்துவிட்டு அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மறுபடி அளங்கள். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா ஒட்டிய வாரங்கள் வேண்டாம். முன் அளவைத் திருவிழா வாரத்தில் எடுத்து, பின் அளவைச் சாதாரண வாரத்தில் எடுத்தால் செய்யாத வேலைக்குக்கூடப் பலன் கிடைத்ததாகத் தெரியும்.

கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒவ்வொருவரின் சம்மதமும் இல்லாமல் தொடங்காதீர்கள். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். 20-ஐத் தொடுபவரிடம் மருத்துவமனை விவரத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று 2019-ல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வு சொன்னது. உங்களிடம் மனம் திறந்தவரை வெறும் எண்ணாக எழுதிக்கொண்டு திரும்புவது நியாயமில்லை.

என் கணவர் தினம் ஆஃப் குடிப்பார். போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு அன்றைக்கே நிறுத்தினார். மூன்றாம் நாள் சுவரில் பாம்பு ஊர்கிறது என்று கத்தினார், வலிப்பும் வந்தது. சாமி குற்றம் என்றார்கள். இந்த வருடமும் மாலை போடப் போகிறார். பயமாக இருக்கிறது.
வாசகி, மேலூர்

சாமி குற்றம் எதுவும் இல்லை அம்மா. வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பில் மூளை அதற்கேற்பப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அது கட்டுக்கடங்காமல் துடிக்கும். 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள் வரை இல்லாததைக் காண்பது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது. இந்தக் கடைசிக் கட்டம் உயிரையே எடுக்கும்.

ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். அதனால் இந்த வருடம் அவர் வீட்டில் தானாக நிறுத்தக் கூடாது. கார்த்திகை ஒன்றாம் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். போன வருடம் வந்த வலிப்பை முதலிலேயே சொல்லிவிடுங்கள், உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்வார்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அது முடிந்து மாலை போட்டால் விரதம் நிம்மதியாக நடக்கும்.

நம் பக்கம் நடக்கும் இன்னொரு தவறு, ஆள் சோர்ந்துவிட்டார் என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வது. நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதித்து, கண் அசைவும் நடையும் நினைவும் கெட்டுப்போகலாம். 'இவர் தினம் குடிப்பவர், பி1 போட்டீர்களா?' என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

வலிப்பு வந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் துணியோ கரண்டியோ தண்ணீரோ கூடாது.

மாலை போட்ட நாட்கள் பெரிய வாய்ப்பு என்பதையும் சொல்ல வேண்டும். ஊரே அவரைச் 'சாமி' என்று கூப்பிடுகிறது, யாரும் குடிக்க அழைப்பதில்லை. ஈரலில் படிந்த கொழுப்பு சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். மாலை கழற்றும் அன்றைய சாயங்காலம்தான் கண்டம். கழற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் அடுத்த சந்திப்புக்கு நாள் வாங்கிவிடுங்கள். குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. கூட்டத்துக்கு அவர் போகலாம், குடும்பத்தாருக்கு அல்-அனான் குழு உண்டு.

சாம்பாரில் கலந்தால் குடியை நிறுத்தும் என்று ஒரு பொடி விற்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் கொடுக்கலாமா?
வாசகி, வாடிப்பட்டி

கூடாது. அப்படிப்பட்ட பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மருந்தாக இருந்தால், அதன்மேல் குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதயக் கோளாறு உள்ளவர் இறந்தும் போகலாம். மருத்துவர்கள் இதே மருந்தைக் கொடுப்பதுண்டு. ஆனால் ஈரல், இதயம் பார்த்துவிட்டு, அவர் சம்மதத்தோடு, குடித்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். தெரிந்தால்தானே பாட்டிலைத் தொடாமல் இருப்பார்? ஏற்கெனவே கலந்திருந்தால் உடனே நிறுத்துங்கள். மருந்தின் வேகம் இரண்டு வாரம் வரை உடம்பில் நிற்கும் என்பதால், அதை மறைக்காமல் பொடியோடு மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் கை நீட்டுபவராக இருந்தால் பெண்கள் உதவி எண் 181.

இரவு பத்து மணிக்குக் குடியை முடித்துவிட்டுத் தூங்கினால் காலை ஆறு மணிக்கு வேன் எடுக்கலாமா?
ஓட்டுநர், திருமங்கலம்

ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மில்லிகிராம் என்பது சட்ட வரம்பு. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு குவாட்டர் குடித்தால் அது சுமார் 140-ஐத் தொடும். மணிக்குச் சுமார் 15 தான் இறங்கும். ஆறு மணிக்கு வரம்பையொட்டி இருப்பீர்கள். ஆஃப் என்றால் மறுநாள் மாலை வரை வண்டியைத் தொடக் கூடாது. குளியல், காபி, மோர் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பீர் உடம்புக்குக் குளிர்ச்சிதானே?
வாசகர், அலங்காநல்லூர்

இல்லை. 650 மி.லி. ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் என்றால் 41 கிராம் சாராயம், நான்கு அளவு. குடித்தால் சிறுநீர் அதிகம் போய் உடம்பு வறளும். வெயிலில் வேலை செய்பவருக்கு அது இன்னும் கெடுதல்.

கள்ளச்சாராயம் குடித்தவருக்கு மோர், எலுமிச்சைச் சாறு கொடுத்தால் முறியுமா?
வாசகர், பேரையூர்

முறியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். மாறுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகும் என்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு வயிற்றுவலி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல். மாற்று மருந்தும் டயாலிசிஸும் உள்ள பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மிச்சமிருக்கும் பாக்கெட்டையோ பாட்டிலையோ எடுத்துச் செல்லுங்கள். உடன் குடித்தவர்கள் யார் யார் என்று கேட்டு, நன்றாக இருப்பதாகச் சொல்பவர்களையும் சேர்த்து வண்டியில் ஏற்றுங்கள்.