யார் போட்ட மெட்டு?

அன்புள்ள அண்ணனுக்கு,

பழைய ஆர்கன் இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அமெரிக்கப் பாடகர் பெர்சி ஸ்லெட்ஜ் பாடிய ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ பாட்டைத் தேடிக் கேட்டேன். மூன்று நாளாக வேறு எதுவும் கேட்கவில்லை. அதில் வரும் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சுருதி விலகியவை என்றும், திருத்திப் பதிவுசெய்த டேப் இருந்தும் கம்பெனி தவறுதலாகப் பழையதையே வெளியிட்டுவிட்டது என்றும் படித்தேன். உண்மையா? உண்மையென்றால் இதன் வெற்றி வெறும் அதிர்ஷ்டம்தானே? ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்த, படிப்பில்லாத ஸ்லெட்ஜ் சும்மா முனகியதை மற்றவர்கள் பாட்டாக்கியிருக்கிறார்கள். எழுதியவர்களாக அவர்கள் பெயர் இருப்பதும் நியாயம்தான். இன்றைய மென்பொருளை வைத்து அந்தச் சுருதியைச் சரிசெய்து மறுபடி வெளியிட்டால் என்ன?

செ.,
கோவை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் நாளே ஒரு பதில் எழுதினேன். அதில் திட்டு அதிகமாக இருந்ததால் அழித்துவிட்டேன். இதிலும் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் வந்த அதே வாரம் நானே ஒரு பாட்டின் கீழே இருக்கும் பெயரை மாற்றச் சொல்லி ஒருவருக்கு எழுதியிருந்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

கேட்டதற்குப் பதில்: ஆமாம், சுருதி சேரவில்லை. 1966 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்து ஷெஃபீல்ட் என்ற சின்ன ஊரில், குவின் ஐவியின் நொராலா ஸ்டூடியோவில் பதிவான பாட்டு அது. ஐவி உள்ளூர் ரேடியோவில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், ரெக்கார்ட் கடையும் வைத்திருந்தார். அவரும் கிட்டார் வாசித்த மார்லின் கிரீனும் தயாரிப்பாளர்கள். பக்கத்து ஊரான மஸில் ஷோல்ஸில் ஃபேம் ஸ்டூடியோ நடத்திய ரிக் ஹால் இந்தப் பாட்டைப் பற்றி நியூயார்க்கில் அட்லாண்டிக் ரெக்கார்ட் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லருக்குச் சொன்னார். வெக்ஸ்லருக்குப் பாட்டு பிடித்துவிட்டது, ஊதியவர்களைப் பிடிக்கவில்லை. மறுபடி ஊதி அனுப்பச் சொன்னார், இவர்களும் அனுப்பினார்கள். அச்சுக்குப் போனது பழைய டேப். திருத்தச் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று வெக்ஸ்லர் பெருமைப்பட்டதாகவும், வெளியானது திருத்தாததுதான் என்று ஐவி சொல்ல நேர்ந்ததாகவும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அதற்குள் மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் பாப் பட்டியலில் பாட்டு முதலிடம் போயிருந்தது. கறுப்பர் இசைக்கான ரிதம் அண்டு ப்ளூஸ் பட்டியலிலும் முதலிடம்.

மென்பொருளை வைத்துச் சரிசெய்வது பற்றி: வேண்டாம். அவ்வளவுதான்.

அதிர்ஷ்டம் என்கிறீர்களே, மறுபடி ஒருமுறை கேட்டுப்பாருங்கள். அந்த ஊதல் எப்போது வருகிறது? பாட்டின் வாலில். அதற்கு வெகுமுன்பே நீங்கள் விழுந்தாயிற்று. உங்களை விழவைத்தது ஸ்பூனர் ஓல்ட்ஹாமின் ஃபார்ஃபிசா ஆர்கன். மலிவான, கொஞ்சம் மூக்கால் பேசுகிற கருவி, அதை அந்த மனிதர் கோயில் ஆர்கன் மாதிரி இழுத்துப் பிடிக்கிறார். அடியில் ஜூனியர் லோவின் பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்குகிறது, ஒருவர் கிணற்றுப் படியில் நிதானமாக இறங்குவது போல. ரோஜர் ஹாக்கின்ஸின் டிரம்ஸ் ஓரிடத்திலும் அவசரப்படவில்லை. இத்தனையும் கீழே போகும்போது குரல் மட்டும் மேலே நிற்கிறது. மற்றவர்கள் பாட்டின் முடிவில் ஏறிப் பிடிக்கும் உயரத்தில் ஸ்லெட்ஜ் முதல் வரியையே தொடங்குகிறார். திரும்பத் திரும்ப வரும் பல்லவி என்று தனியாக ஒன்று கிடையாது. மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் எது அதிர்ஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

செல்மா ஊரில் கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து ஒரு வருடம்கூட ஆகாத அலபாமாவில், வெள்ளைக்காரப் பையன்கள் வாசிக்கக் கறுப்பர் ஒருவர் பாடியதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். உண்மைதான். ஆனால் நான் பேச வந்தது அதையல்ல, ‘சும்மா முனகியது’ என்று நீங்கள் எழுதியதை.

‘படிப்பில்லாத’ என்பதை எங்கே பிடித்தீர்கள்? ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிறவர், படுக்கை மாற்றுகிறவர் என்றால் உங்களுக்கே தெரியாமல் அந்தச் சொல் முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஸ்லெட்ஜ் லெய்ட்டன் என்ற ஊரில் பிறந்தவர். பகலில் கோல்பர்ட் கவுண்டி ஆஸ்பத்திரியில் வேலை, வாரக் கடைசியில் எஸ்கொயர்ஸ் காம்போ என்ற குழுவோடு விருந்துகளில் பாட்டு. நோயாளிகளுக்கும் பாடிக் காட்டுவார். அவரை ஐவியிடம் அறிமுகப்படுத்தியதே அந்த ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த ஒரு நோயாளிதான். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வார்டில் யாருக்கோ வலி குறைய வேண்டுமென்று பாடியவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அது.

அந்த மெட்டைத் தன் வாழ்நாள் முழுவதும், பருத்திக் காட்டில் களை கொத்திய காலத்திலிருந்தே முனகிவந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். காதலித்த பெண் விட்டுப் போன துக்கத்தில் ஒருநாள் மேடையில் அதற்குச் சொற்கள் வந்தன. குழுவில் பேஸ் வாசித்த கால்வின் லூயிஸும் ஆர்கன் வாசித்த ஆண்ட்ரூ ரைட்டும் கூட நின்று உருவாக்கினார்கள். பெயர் எழுதும் நேரம் வந்தபோது முழுப் பாட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று இருவரிடமும் விட்டுவிட்டார். பாட்டைச் செதுக்கியதில் ஐவிக்கும் கிரீனுக்கும்கூடப் பங்கு உண்டு, அவர்கள் பெயரும் அங்கே இல்லை. லூயிஸ், ரைட், இரண்டே பெயர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பணம் இருக்கிறது, தம்பி. அமெரிக்கச் சட்டப்படி ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் காசு போகும். பாடியவருக்குக் கிடையாது. அன்றைக்கும் இல்லை, சாதாரண ரேடியோவைப் பொறுத்தவரை இன்றைக்கும் இல்லை. அறுபது வருடமாக ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு ரேடியோ அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்கிற நமக்கு ஸ்லெட்ஜின் குரல், காசு லூயிஸுக்கும் ரைட்டுக்கும். அதோடு முடியவில்லை. 1991இல் மைக்கேல் போல்டன் அதே பாட்டைப் பாடி மறுபடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார், கிராமி விருதும் வாங்கினார். விற்ற ஒவ்வொரு கேசட்டுக்கும், ஒவ்வொரு சிடிக்கும் எழுதியவர் பங்கு உண்டு. ஸ்லெட்ஜுக்கு அதில் என்ன? பாடியவர் வேறு ஆள். எழுதியவர் பட்டியலில் பெயர் இல்லை. அவர் முனகலிலிருந்து வந்த பாட்டு அவர் வாசல் வழியாகவே போயிற்று, உள்ளே ஒரு காசு விழவில்லை.

இதில் லூயிஸையும் ரைட்டையும் நான் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் உழைத்தார்கள், இவர் கொடுத்தார், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். நான் சண்டை பிடிப்பது சட்டத்தோடும் உங்களோடும்தான். தாளில் குறித்தவர் கையைப் பார்க்கிற கண், அது பிறந்த தொண்டையைப் பார்ப்பதில்லை. முனகல் என்பது பாட்டுக்கு முந்தின ஏதோ குப்பை, படித்தவர் வந்து அள்ளிச் சுத்தம்செய்தால்தான் பாட்டு என்று நினைக்கிறீர்கள். மெட்டு என்பதே அந்த முனகல்தான் ஐயா. மற்றதெல்லாம் அதற்குச் சட்டை தைப்பது. சட்டை வேண்டும், நல்ல தையல்காரர் வேண்டும். அதற்காக உள்ளே இருக்கிற உடம்பே அவர் தைத்தது என்றாகுமா?

இதை இவ்வளவு சத்தமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதைத்தான் பன்னிரண்டு நாளாக மென்றுகொண்டிருந்தேன்.

என் பெரியப்பா திருநெல்வேலிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். கோட்டம் எடுக்கும்போது ரிம்மைச் சுழலவிட்டு ஸ்போக்கைச் சுண்டிச் சத்தம் கேட்டு முடுக்குவார். அந்த வேலை நேரம் முழுக்க வாயில் ஏதாவது ஓடும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் கால் ஆர்மோனியம் அவர்தான். சாவு வீட்டு ராத்திரிகளில், கீர்த்தனைகள் எல்லாம் பாடித் தீர்ந்து கூட்டம் களைத்துப்போன பிறகு, சொல்லே இல்லாமல் ஒரு மெட்டை இழுப்பார். ஒரு வீட்டில் கேட்டது இன்னொரு வீட்டிலும் வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

1992இல் கோயிலில் எல்லோரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்காக நாங்கள் வாலிபப் பையன்கள் எட்டுப் பாட்டு போட்டு ஒரு கேசட் கொண்டுவந்தோம். ஆறாவது பாட்டு பெரியப்பாவின் அந்த மெட்டு. அதற்கு நான் சொல் எழுதினேன், என் சிநேகிதன் கிட்டாரில் சுரம் அடுக்கினான். ஒரு இடத்தில் அவர் நெடுநேரம் இழுப்பதை வெட்டிக் குறைத்தோம். அட்டையில் ‘பாடல், இசை’ என்று போட்டு இரண்டு பெயர். அதில் ஒன்று என்னுடையது. அவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. மறைக்கவும் தோன்றவில்லை, அதுதான் இதில் மோசம். நீங்கள் நினைத்ததையேதான் நானும் நினைத்தேன்: பெரியப்பா சும்மா முனகிக்கொண்டிருந்தார், நாங்கள் பாட்டாக்கினோம்.

கேசட்டைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் கிரீஸ் இருந்ததால் துணியால் ஓரத்தைப் பிடித்து, கண்ணாடி இல்லாமல் தூர நீட்டிப் படித்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “அட்டை நல்லாருக்குடே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு சாவு வீடுகளில் அந்த மெட்டை அவர் எடுக்கவில்லை. அதை நான் கவனிக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கேட்கத் தைரியம் வரவில்லை.

போல்டன் பாடிய கேசட் என் கைக்கு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். எனக்கு அது ஒரு வெள்ளைக்காரரின் பாட்டு. ஸ்லெட்ஜ் பாடியதைப் பல வருடம் கழித்துத்தான் கேட்டேன். சிடியின் உறையில் லூயிஸ், ரைட் என்று படித்துவிட்டு, பாடியவருக்கும் பாட்டுக்கும் குரலைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை என்றே நினைத்தேன். அப்புறம் கதை தெரியவந்தது. அப்படிக் கொடுத்ததுதான் தன் வாழ்க்கையில் எடுத்த மிக மோசமான முடிவு என்று சொன்ன ஸ்லெட்ஜ், அதில் தனக்குக் கசப்பில்லை, கொடுக்கும் அந்தச் சொல்லைக் கடவுள்தான் தன் வாயில் வைத்தார் என்றால் மாற்ற மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒரே மனிதர் சொன்னார். 2015இல் லூசியானா மாநிலத்து பேட்டன் ரூஜில் இறந்துபோனார். அவராவது கொடுத்தார். பெரியப்பா கொடுக்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.

2004இல் பெரியப்பா தவறியபோது ராத்திரி பாடகர் குழுவினர் அந்தப் பாட்டைப் பாடலாம் என்றார்கள். ஒரு பையன் என் பக்கம் திரும்பி, அண்ணன் பாட்டு, அண்ணனே எடுத்துக் கொடுங்க என்றான். எடுத்தேன். ஒரு கட்டை மேலே போய்விட்டது. பாதியில் இறக்கவும் முடியாமல் எல்லோரும் கத்திக் கத்திப் பாடி முடித்தார்கள். நாங்கள் வெட்டிக் குறைத்த இடத்தில் வயதான இரண்டு அம்மாமார் மட்டும் நிறுத்தாமல் பழையபடி இழுத்துக்கொண்டே போனார்கள். ஆர்மோனியம் வாசித்த பையன் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

போன மாதம் யாரோ அந்தக் கேசட்டை யூட்யூபில் ஏற்றியிருப்பதைப் பார்த்தேன். ஆறாவது பாட்டின் கீழே ‘இசை’ என்று எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. ஏற்றியவருக்கு விவரமாக எழுதி, அதை எடுத்துவிட்டுப் பெரியப்பா பெயரைப் போடும்படி கேட்டேன். நேற்றுத்தான் பதில் வந்தது. சின்னப் பையன் போலிருக்கிறது. மிகவும் மரியாதையாக, உங்கள் பெயரில் எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா ஐயா, சரியான எழுத்தை அனுப்பினால் உடனே மாற்றிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறான்.