உண்ணி போன பிறகும் போகாத சோர்வு

அன்புள்ள அக்கா,

நாங்கள் நியூ ஜெர்சியின் வடக்குப் பகுதியில் இருக்கிறோம். போன ஜூனில் முழங்காலுக்குப் பின்னால் ஒரு திட்டு வந்தது. படங்களில் பார்ப்பது போல வளையமெல்லாம் இல்லை, அடிபட்டுக் கன்றிய மாதிரி இருந்தது. அரிக்கவும் இல்லை. அர்ஜென்ட் கேரில் சிலந்தி கடித்திருக்கும் என்று களிம்பு எழுதிக்கொடுத்தார்கள். ஆகஸ்டில் முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்ட பிறகுதான் உண்ணி கடித்து வரும் லைம் நோய் என்று தெரிந்தது. மூன்று வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். முகம் சரியாகிவிட்டது, நான் சரியாகவில்லை. எட்டு மாதமாக மதியத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்துபோகிறது.

ரத்தப் பரிசோதனை இன்னும் பாசிட்டிவ் என்று வருகிறது. டாக்டரோ எல்லாம் நார்மல் என்கிறார். மாமியார் போனில், "ஊர்ல உண்ணிக்காய்ச்சல் வந்தவங்க ஒரு வாரத்துல வயலுக்குப் போறாங்க" என்கிறார். ஒரு தோழி, கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறது, கையில் குழாய் போட்டு மாதக்கணக்கில் மருந்து ஏற்றும் கிளினிக் இருக்கிறது, இன்சூரன்ஸ் தராது, சேமிப்பைப் போட்டாவது போ என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? பிள்ளைகளைக் கொல்லைப்பக்கம் விளையாட விடலாமா?

மீனா

அன்புள்ள மீனா,

நான் டாக்டர் இல்லை. கனெக்டிகட்டில் தோட்டம் போட்டுக்கொண்டு உண்ணிகளோடு குடித்தனம் நடத்துகிறவள். என் கணவருக்கும் லைம் வந்தது. என் பேச்சுக்கு அந்த அளவு மதிப்புக் கொடுத்தால் போதும்.

முதலில் மாமியார். அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது வேறு நோய். ஊரில் உண்ணிக்காய்ச்சல் என்பது ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் மிகச் சின்னப் பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கும். அதற்கும் டாக்ஸிசைக்ளின்தான் மருந்து. காலத்தோடு கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். உங்களைக் கடித்தது கருங்கால் உண்ணி, அது உள்ளே விட்டது பொரீலியா என்னும் சுருள் வடிவ பாக்டீரியா. மருந்து ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்றாகிவிடாது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்பாரா என்பது உங்கள் குடும்ப விஷயம்.

அந்தத் திட்டைப் பற்றி நம்மவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். லைம் வந்தவர்களில் நூற்றுக்கு 70, 80 பேருக்குத் தோலில் தடிப்பு வரும். கடித்த 3 முதல் 30 நாளுக்குள் வந்து மெல்லப் பெரிதாகும். பெரும்பாலும் வலியோ அரிப்போ இருக்காது. நடுவில் புள்ளி, சுற்றிலும் வளையம் என்று எல்லோருக்கும் வருவதில்லை. போதாக்குறைக்கு, நாம் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறத் தோலில் அது ஊதாவாகவோ பழுப்பாகவோ, நீங்கள் எழுதியபடி கன்றிப்போனதாகவோ தெரியலாம். அந்த நேரத்தில் ரத்தத்தைச் சோதித்தாலும் பயனில்லை, கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள் உருவாகவே சில வாரம் ஆகும். கோடையில், இந்தப் பக்கத்து மாநிலங்களில், இப்படி ஒரு திட்டு பெரிதாகிக்கொண்டே போனால், அதைப் பார்த்தே மருந்தைத் தொடங்குவதுதான் முறை.

இன்னும் பாசிட்டிவ் என்று வருவதும் அதே எதிர்ப்புப் பொருளால்தான். நோய் போன பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அது ரத்தத்தில் இருக்கும். கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை அந்தப் பரிசோதனை சொல்லாது. ஆகவே, குணமாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக மறுபடி மறுபடி ரத்தம் கொடுப்பது வீண்.

சரி, இப்போது உங்கள் டாக்டரும் தோழியும். என் அபிப்பிராயத்தில் இருவரும் பாதி தூரம் வந்து நின்றுவிட்டவர்கள்.

இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்த கதையைக் கேளுங்கள். எங்கள் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் பாலி மரே என்றொரு அம்மா. அவருக்கு வருடக்கணக்காக மூட்டுவலி, தடிப்பு, காய்ச்சல். அப்புறம் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் முழங்கால் வீங்கியது. போகிற இடமெல்லாம் மனப்பிரமை என்ற தொனியிலேயே பேசினார்கள். அவர் யாருக்கு எப்போது எந்த மூட்டு வீங்கியது என்று குறித்துவைத்தார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். 1975-ல் அவரும் ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும் தனித்தனியே அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுபோனார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் ஆலன் ஸ்டீர் வந்து விசாரித்தபோது, மூன்று ஊர்களில் 39 குழந்தைகளுக்கும் 12 பெரியவர்களுக்கும் அந்த மூட்டுவீக்கம் இருந்தது. சில சாலைகளில் பத்துக் குழந்தைக்கு ஒன்று. 1981-ல் நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை அறுத்துப் பார்த்த விஞ்ஞானி வில்லி பர்க்டார்ஃபர்தான் அந்தச் சுருள் கிருமியைக் கண்டார். ஒரு தாயைப் 'பிரமை' என்று அனுப்பியிருந்தார்களே, அந்த வியாதி இன்று அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 4,76,000 பேருக்குச் சிகிச்சை தரும் வியாதி.

எனவே டாக்டர் நார்மல் என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க்குறி என்று இதற்கு முறையான பெயரே உண்டு. சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு ஆறு மாதம் தாண்டியும் சோர்வு, உடல்வலி, மூளை மந்தம் நீடிக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. கிருமி செத்தபின் அதன் சுவரின் சிதிலங்கள் மூட்டில் தங்கி உடலைச் சீண்டுகின்றனவா, நோயெதிர்ப்பு அமைப்புக்கு அடங்கத் தெரியாமல் போகிறதா என்று ஆராய்கிறார்கள். உங்கள் சோர்வு சோம்பேறித்தனம் இல்லை. அதை நிரூபிக்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

தோழி உங்கள் சோர்வை நம்புகிறார், அது பெரிய விஷயம். ஆனால் மருந்து விஷயத்தில் அவர் பக்கம் நான் இல்லை. 2001-ல் அமெரிக்காவில் உங்களைப் போன்றவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று மாதம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், ஒரு மாதம் நரம்பு வழியாக, இரண்டு மாதம் மாத்திரையாக. மறுபாதிக்கு வெறும் போலி மருந்து. இரு பக்கமும் பத்துக்கு நான்கு பேர் அளவில்தான் தேறினார்கள். 2016-ல் நெதர்லாந்திலும் பன்னிரண்டு வாரக் கூடுதல் மருந்து பலன் தரவில்லை. குழாய் போட்ட ஒருவருக்கு நன்றாகிவிட்டது என்று சொன்னால், அந்த நாலு பேரில் அவர் ஒருவராக இருக்கலாம், சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணமும் உண்டு. குழாய் வழியாக ரத்தத்தில் வேறு கிருமி ஏறி உயிரே போன சம்பவங்களை 2017-ல் அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிட்டது. உங்கள் வேதனை உண்மை என்பதை ஒப்புக்கொண்டு, அதே மூச்சில் பில்லையும் நீட்டுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வரும்.

பின்னே என்னதான் செய்வது? லைமின் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிடாமல், தைராய்டு, ரத்தசோகை, பி12 பார்க்கச் சொல்லுங்கள். சைவமென்றால் பி12 கட்டாயம். இரவில் குறட்டை இருந்தால் தூக்கத்தையும் சோதிக்கலாம். காய்ச்சலும் வியர்வையும் விட்டுவிட்டு வந்தால் பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணியைப் பற்றிக் கேளுங்கள், அதே உண்ணி கொண்டுவருவதுதான், டாக்ஸிசைக்ளினுக்கு அடங்காது.

அப்புறம் அன்றாடம். என் கணவர் ஒரு நல்ல நாள் வாய்த்தால் சேர்த்துவைத்த வேலை அத்தனையையும் அன்றே முடிக்கப் பார்ப்பார். சாயங்காலம் துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிடுவார், மறுநாள் படுக்கை. மாதச் சம்பளத்தை முதல் வாரத்திலேயே கரைக்கிற கதை அது. நல்ல நாளிலும் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த ஏற்ற இறக்கம் குறைந்தது. காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யுங்கள். முக்கிய மீட்டிங்குகளைக் காலையில் வைத்துக்கொள்ள மேலாளரிடம் கேளுங்கள், அதற்கு டாக்டர் கடிதம் தருவார். மரே அம்மா போல ஒரு நோட்டில் தூக்கம், வேலை, சோர்வு மூன்றையும் குறியுங்கள், பதினைந்து நிமிட அப்பாயின்ட்மென்டில் அது பேசும். பெரும்பாலானவர்கள் காலப்போக்கில் தேறுகிறார்கள், ஆனால் மாதங்கள் பிடிக்கும்.

பிள்ளைகளைத் தாராளமாக விளையாட விடுங்கள். கடிப்பது பெரும்பாலும் கசகசா அளவே இருக்கும் இளம் உண்ணி, மே முதல் ஜூலை வரை அதன் காலம். எல்லோரும் மானைத் திட்டுகிறோம், உண்ணிக்குக் கிருமியைக் கொடுப்பதென்னவோ வெள்ளைக்கால் எலி. வெயில் படும் வெட்டிய புல்லில் ஆபத்து குறைவு. வேலியோரச் சருகும் விறகுக் குவியலும்தான் கவனிக்க வேண்டியவை. உள்ளே வந்ததும் துணியை டிரையரில் பத்து நிமிடம் நல்ல சூட்டில் ஓட்டுங்கள். குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், அக்குள், தொப்புள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, தலைமுடி என்று விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி கிடைத்தால் கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்புக்குச்சி வேண்டாம். ஒட்டிய 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. ரத்தம் குடித்து உப்பியிருந்தால் அன்றே குழந்தை டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஒரே ஒரு வேளை மட்டும் டாக்ஸிசைக்ளின் கொடுத்துத் தடுக்கும் வழி உண்டு, ஆனால் எடுத்த 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.