தேக்கு நிலையும் பஞ்சுவின் பல்லும்

கேள்வி:

எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில். கணவரின் தாத்தா காலத்து வீடு. பட்டாசாலைக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் இருக்கும் வாசல் நிலை பர்மாத் தேக்கு. மேலே பழைய பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறது. மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு வெள்ளை முயல் குட்டி வாங்கினோம். பஞ்சு என்று பெயர். ஆண், இப்போது எட்டு மாதம். கூண்டில் அடைக்க மனசில்லாமல் வீட்டுக்குள்ளேயே விட்டு வளர்க்கிறோம். பிஸ்கட், ரொட்டி, கேரட், கொஞ்சம் கீரை தின்னும். இரண்டு மாதமாக நிலையின் அடிப்பக்கம், கட்டில் கால், நாற்காலிக் கால் எல்லாவற்றையும் கரம்பித் தள்ளுகிறது. மிளகாய்ப்பொடியைக் குழைத்துத் தடவியும் கேட்கவில்லை. அத்தைக்கு அந்த நிலை என்றால் உயிர். “கூண்டில் அடை, இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடு” என்கிறார்கள். மகள் அழுகிறாள். என்ன செய்யட்டும்?

— கல்லிடைக்குறிச்சி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மிளகாய்ப்பொடியை இன்றைக்கே ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி. நம்மைப்போல மூக்கு எரிந்தால் வாயைத் திறந்து சமாளிக்க அதற்கு வராது. எரிச்சலில் முன்னங்கால்களால் முகத்தைத் துடைக்கும். காலில் ஒட்டிய காரம் கண்ணுக்குப் போகும். அந்துருண்டை, மண்ணெண்ணெய் என்று யாராவது அடுத்த யோசனை சொல்வார்கள். அதையும் செய்ய வேண்டாம். அந்துருண்டை விஷம். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தவர்கள் உண்டு. சில முயல் விலகிப் போகும், சில முயல் சட்டை செய்யாது. அதை நம்பித் தேக்கு நிலையை விட முடியாது.

பஞ்சு செய்வது குறும்பு இல்லை. முயலின் முன்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். கடைவாய்ப் பற்களும் வளரும். மரத்தைக் கடித்துத்தான் பல் தேயும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பல்லைத் தேய்ப்பது புல்தான். புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி அரைக்கும்போது கடைவாய்ப் பல் தேயும். முன்பற்கள் புல்லை நறுக்கும்போது ஒன்றோடொன்று உரசித் தேயும். பிஸ்கட்டும் ரொட்டியும் தின்னும் முயலுக்கு அரைக்கிற வேலையே இல்லை. நாள் முழுக்க மெல்ல வேண்டிய வாய் சும்மா இருக்கிறது. அது நிலையைத் தேடிப் போகாமல் என்ன செய்யும்?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் பதினொரு வருஷமாக முயல்கள் வீட்டுக்குள் திரிகின்றன. முதலில் வந்த முயல் ஓர் அறைக் கதவின் கீழ்மூலையை மட்டும் கரம்பியது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் தரையில் படுத்துப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் தாடையின் அடிப்பக்கத்தை மரத்தில் தேய்த்தது. அங்கே வாசனைச் சுரப்பி உண்டு. ‘இது என் இடம்’ என்று அடையாளம் வைப்பது அப்படித்தான். அப்புறம் தலையைச் சாய்த்து, மேல்பல்லை மரத்தில் ஊன்றி, கீழ்ப்பல்லால் இழுத்தது. இழைப்புளியில் வருகிற மாதிரி மெல்லிய சுருள் ஒன்று வாயோரமாகத் தரையில் விழுந்தது. விழுங்கவில்லை. நான்கைந்து தடவை இழுத்துவிட்டுக் கதவின் இடுக்கில் மூக்கை வைத்து மோந்தது. அப்போதுதான் புரிந்தது: அதற்கு மரம் வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டும். மறுநாளிலிருந்து பகலில் கதவைத் திறந்தே வைத்தோம். அந்த மூலையை அது பிறகு தொடவில்லை.

நீங்களும் ஒரு வாரம் பாருங்கள். எங்கே கடிக்கிறது, எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன நடந்தது. முயலுக்கு விடியற்காலையும் அந்தி நேரமும்தான் சுறுசுறுப்பு. பகலில் கட்டிலடியில் குளிர்ந்த தரையில் கிடக்கும். இரண்டாம் கட்டுக்குப் போகிற கதவைச் சாத்திய பிறகுதான் நிலையில் வேலை நடக்கிறது என்றால் காரணம் கதவு. யாரும் கூட இல்லாத நேரத்தில் கட்டில் காலைக் கரம்பினால் அது சலிப்பு. தாடையைத் தேய்த்துவிட்டுக் கடிப்பதும், மூலைக்கு மூலை சிறுநீரைப் பீய்ச்சுவதும் சேர்ந்து இருந்தால் அது வயது. கீழே விழுந்த சிராய்களையும் கூட்டி அள்ளிப் பாருங்கள். கடித்த அளவுக்குத் தரையில் இல்லையென்றால் விழுங்குகிறது என்று அர்த்தம். அப்படியானால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரி, வாய்க்கு வேலை கொடுப்போம். பஞ்சுவின் சாப்பாட்டில் ஐந்தில் நாலு பங்கு புல்லாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. அருகம்புல் நல்லது, கோயில் வாசலில் மாலையாகக் கட்டியது வாங்கினால் நூலை எடுத்துவிட்டு நன்றாக அலசிக் கொடுங்கள். ரோட்டோரம் அறுத்த புல்லும், வயலில் மருந்து அடித்த புல்லும் வேண்டாம். மாடு வைத்திருப்பவர்களிடம் தீவனப்புல் கேட்டால் தினமும் ஒரு பிடி தருவார்கள். அதை நிழலில் உலர்த்தியும் வைக்கலாம். வைக்கோலைத் தோண்டவும் கடிக்கவும் போடலாம், ஆனால் சத்து குறைவு, அதையே சாப்பாடாக வைக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்தது எதுவும் ஆகாது. பிஸ்கட்டையும் ரொட்டியையும் நிறுத்துங்கள். கேரட் விரல் நுனி அளவு, அதுவும் எப்போதாவது. இந்த மாற்றத்தை இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு கெடும். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. அரை நாள் ஒன்றுமே தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது, அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கடிப்பதற்கென்றே சில சாமான்கள் வேண்டும். கடையில் விற்கும் வெளிநாட்டுப் பொம்மைகளை விட நம் பக்கத்துப் பொருட்களே எனக்குப் பிடித்தவை. பனை ஓலைப்பெட்டி இருக்கிறதே, திசையன்விளை, உடன்குடிப் பக்கமிருந்து வருவது, சாயம் போடாதது, அதில் உலர்ந்த புல்லைத் திணித்துக் கவிழ்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் முயல் அதைப் பிரித்து மேய்வதற்கு முழுசாக இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். கருப்பட்டி வந்த பெட்டியைக் கொடுக்காதீர்கள், இனிப்பு ஒட்டியிருக்கும். சாயம் போடாத பழைய கோரைப்பாயை ஒரு முழம் வெட்டிப் போட்டால் தோண்டவும் ஆயிற்று, கடிக்கவும் ஆயிற்று. (கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் வீட்டில் இருந்தால் அதை உயரத்தில் ஏற்றிவிடுங்கள். கோரைக்கும் கோரைக்கும் முயல் வித்தியாசம் பார்க்காது.) மருந்து அடிக்காத கொய்யாக் கிளை, மூங்கில் துண்டு, டேப்பும் ஸ்டேப்ளர் பின்னும் எடுத்த அட்டைப்பெட்டி எல்லாம் கொடுக்கலாம். அரளி, எருக்கு இரண்டும் வாசலில் இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள். இவற்றையெல்லாம் வீட்டின் ஒரு மூலையில் குவிக்க வேண்டாம். நிலைக்குப் பக்கத்தில் ஒன்று, கட்டில் காலுக்குப் பக்கத்தில் ஒன்று என்று அது கடிக்கிற இடத்திலேயே வையுங்கள்.

இனி மரம். எட்டு மாத முயல் பின்னங்காலில் எழுந்து நின்றால் ஏறத்தாழ ஒன்றரை அடி எட்டும். ஆகவே தரையிலிருந்து இரண்டடி காத்தால் போதும். நிலையின் விளிம்புக்கு அலுமினியம் ஆங்கிள் (‘எல்’ வடிவப் பட்டை) வாங்குங்கள், இரும்புக்கடையில் கிடைக்கும். ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டடி வெட்டி வாங்கி, வெட்டிய முனையை அரத்தால் ராவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயைக் கிழிக்கும். பழைய தேக்கில் ஆணி அடிக்க அத்தை சம்மதிக்க மாட்டார்கள், அவர்கள் சொல்வதும் சரிதான். இருபக்கமும் ஒட்டுகிற தடித்த டேப் போதும். அடியில் இடைவெளி விடாமல் தரையோடு உட்கார வேண்டும். விரல் நுழைகிற இடுக்கு இருந்தால் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கட்டில் கால், நாற்காலிக் காலுக்கு பிவிசி பைப்பை நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு விரித்து மாட்டிவிடலாம். நைலான் கயிறு சுற்றுவது வேண்டாம், இழை வயிற்றுக்குள் போனால் அடைத்துக்கொள்ளும்.

மரத்தை விட எனக்குப் பயம் ஒயர் பற்றித்தான். நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: டேபிள் ஃபேன் ஒயர், செல்போன் சார்ஜர் எங்கே கிடக்கிறது? எங்கள் இரண்டாவது முயல் ஃபேன் ஒயரை ஒரே கடியில் துண்டாக்கியது. சுவிட்சை அணைத்திருந்ததால் பிழைத்தது. வேர் மாதிரி தரையில் ஓடுகிற எதையும் வெட்டி வழி செய்வது வளை தோண்டுகிற பிராணியின் வழக்கம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கீழே ஓடும் ஒயரையெல்லாம் கேசிங் என்கிற உறைக்குள் விடச் சொல்லுங்கள். முடிந்ததை மூன்றடிக்கு மேல் ஏற்றச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது எப்படியும் வேண்டியதுதான்.

அந்தப் பச்சைப் பெயின்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய எனாமல் பெயின்டுகளில் ஈயம் நிறைய இருந்தது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் போகக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் நிலையில் இருப்பது அதற்கு எவ்வளவோ முந்தியது. ஆகவே ஆங்கிள் மாட்டும்வரை பஞ்சுவை அந்த நிலையை நெருங்க விடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது, பழைய பெயின்டைக் கரம்பியிருக்கிறது என்று மறக்காமல் சொல்லுங்கள்.

எட்டு மாதம் என்பது முயலுக்கு விடலைப் பருவம். நாலு மாதத்துக்கு மேல் ஹார்மோன் வேலை செய்யத் தொடங்கிவிடும். கடிப்பதும் அடையாளம் வைப்பதும் உச்சத்தில் இருக்கிற வயது இது. காயடிப்பது என்று ஊரில் சொல்வோமே, அந்த அறுவை செய்தால் பெரும்பாலும் அடங்கும். உடனே இல்லை, ஒன்றிரண்டு மாதம் ஆகும். திருநெல்வேலிப் பக்கம் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முயலுக்கு மயக்கம் கொடுத்து அறுவை செய்து பழக்கமுள்ள மருத்துவர் யார், எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். நாய்க்குச் சொல்வதுபோல முதல் நாள் இரவு முயலைப் பட்டினி போடக் கூடாது. யாராவது அப்படிச் சொன்னால் மருத்துவரிடம் மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெயில் நேரத்தில் பஸ்ஸில் கொண்டுபோகாமல் அதிகாலையில் கிளம்புங்கள். 30 டிகிரிக்கு மேலேயே முயலுக்குச் சிரமம், நம் ஊர் சித்திரை வெயில் அதைக் கொன்றுவிடும். (பெண் முயல் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்று மிகச் சாதாரணமாக வருகிறது.)

கடிக்கும்போது பார்த்தால் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். எதற்கு அடி விழுந்தது என்று அதற்குப் புரியாது; உங்களைக் கண்டால் ஒளிய மட்டும் கற்றுக்கொள்ளும். ஒரு தடவை கையைத் தட்டி, அது நிமிர்ந்து பார்த்ததும் கொய்யாக் கிளையை மூக்குக்கு முன்னால் நீட்டுங்கள். இந்த வேலையை மகளிடம் ஒப்படையுங்கள். பொறுமை குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

அத்தையிடம் பஞ்சுவுக்காக வாதாட வேண்டாம். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று தலைமுறை கை பட்ட மரம் அது. கூண்டு வேண்டாம், ஆனால் எல்லை வேண்டும். யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் இரவிலும் தார்சாவில் (முன்பக்கத் தாழ்வாரத்தில்) நாலடிக்கு ஆறடி, மூன்றடி உயரத் தடுப்பு வைத்து, அதற்குள் புல், தண்ணீர், ஓலைப்பெட்டி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். நாய், பூனை நுழையாதபடி தார்சாக் கதவு பூட்டியிருக்க வேண்டும். கோடைப் பகலில் மட்டும் உள்ளே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். காலையும் சாயங்காலமும், யாராவது தரையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் பட்டாசாலைக்கு விடுங்கள். முயல் எட்டுப் பத்து வருஷம் இருக்கும். பஞ்சு போகும்போது உங்கள் மகள் கல்லூரியில் இருப்பாள். அவ்வளவு காலம் சேர்ந்து வாழ, அத்தையும் ஒத்துக்கொள்கிற ஏற்பாடாக இது இருக்க வேண்டும்.

நிலையைச் சரிசெய்ய ஆசாரியை இப்போதே கூப்பிடாதீர்கள். அறுவை முடிந்து, இரண்டு மாதம் ஆங்கிளுக்கு மேலேயும் பக்கத்திலும் புதுக் கடி எதுவும் விழவில்லை என்று தெரிந்த பிறகு கூப்பிடுங்கள். மேலோட்டமான கீறல்களை மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்துவிடுவார். விளிம்பே போன இடத்துக்குப் பழைய தேக்குத் துண்டு ஒன்று தேடி, ரேகை பார்த்து ஒட்டு வைக்கச் சொல்லுங்கள்; பழைய வீடு இடிக்கிற இடங்களில் அந்த மரம் இன்னும் கிடைக்கிறது. பச்சைப் பெயின்டை உலர்ந்தபடி உப்புத்தாள் போட விடாதீர்கள், ஈயத்தூள் வீடு முழுக்கப் பறக்கும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும், அன்றைக்கு மகளும் பஞ்சுவும் வேறு வீட்டில் இருக்க வேண்டும். புதுப் பூச்சு நன்றாகக் காய்ந்து வாசனை போன பிறகு, ஆங்கிளை மறுபடியும் அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள்.