மேசையை வெளியே போடுங்கள்

அன்புள்ள அண்ணைக்கு,

நான் வன்னியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். எங்களிடம் படிப்பவர்கள் விவசாயமும் கணக்கியலும் கட்டடத் தொழில்நுட்பமும் படிக்கிற பிள்ளைகள். கலைப்பாடம் என்று ஒன்றும் இல்லை. போன வருடம் ஓர் ஓவியரை மூன்று மாதம் வதிவிடக் கலைஞராக, அதாவது வளாகத்திலேயே தங்கித் தன் வேலையைச் செய்கிறவராக, அழைத்திருந்தோம். நல்ல மனிதர், கடும் உழைப்பாளி. விருந்தினர் விடுதியில் அறை கொடுத்தோம். பதினெட்டுப் படம் வரைந்தார். கடைசியில் கண்காட்சி வைத்து, பெரியவர்களை அழைத்து விளக்கேற்றினோம். பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனோம், பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டார்கள். வெளியே வரும்போது ஒரு மாணவன் என்னிடம், "மிஸ், அவர் இஞ்ச மூண்டு மாசமா இருந்தவரா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

இந்த வருடமும் ஒருவரை அழைக்கக் காசு கிடைத்திருக்கிறது. நீங்களும் ஒரு கல்லூரியில் அப்படித் தங்கி எழுதியதாக ஒருமுறை சொல்லியிருந்தீர்கள். பிள்ளைகளுக்குப் பயன்படும்படி இதை எப்படிச் செய்யலாம்?

(வாசகர், பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புத் தங்கைக்கு,

அந்தப் பிள்ளை குறை சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியாது. மூன்று மாதமாக ஒரு மனிதர் தன் வளாகத்திலேயே படம் வரைந்துகொண்டிருந்தது அவன் கண்ணில் படவேயில்லை. அதை உங்களிடம் வந்து கேட்டானே, அதற்காகவே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு கல்லூரி என்னை இரண்டு மாதம் தங்கி எழுத அழைத்தது. நிர்வாகக் கட்டடத்தின் மேல்மாடியில் ஏசி பூட்டிய அறை. கதவில் என் பெயர். மரியாதைக்குக் குறைவே இல்லை. முதல் ஐந்து வாரத்தில் என் கதவைத் தட்டிய மாணவர் ஒரே ஒருவர். பரிசளிப்பு விழாவுக்கு வரவேற்புரை எழுதித் தரமுடியுமா என்று கேட்க வந்தவர். நான் எழுதிக் கொடுத்தேன், நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

ஆறாம் வாரம் ஏசி பழுதாகிவிட்டது. சித்திரை வெயில், அறையில் இருக்க முடியவில்லை. காவலாளி ஐயாவும் நானும் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து வேம்பின் கீழ் போட்டோம். அடுத்த நாளே ஒரு மாணவி சைக்கிளைப் பூட்டிவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "ஏன் சேர் இவ்வளவு வெட்டுறீங்கள்?" என்று கேட்டார். ஒரே வசனத்தை அன்று காலை ஏழு தரம் எழுதி எழுதி வெட்டியிருந்தேன். அவர் எண்ணிப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். ஏன் ஒவ்வொன்றையும் வெட்டினேன் என்று சொல்லச் சொல்ல, ஆறாவது சரியாகத்தான் இருந்தது என்று வாதாடினார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அதையே திரும்ப எழுதினேன்.

மூன்று நாள் கழித்து ஒரு சீஆர் கொப்பியோடு வந்தார். முன்பக்கமெல்லாம் கணக்கியல் குறிப்பு. கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து தன் எழுத்து. செவ்வாய்க்கிழமைகளைப் பற்றி எழுதியிருந்தார். செவ்வாய்தான் நுண்கடன் வசூலிக்க வருகிற நாள். அன்றைக்கு மட்டும் அவருடைய வீட்டில் காலையிலேயே முன்கதவு சாத்தப்படும், றேடியோ நிற்பாட்டப்படும், நாயை வளவின் பின்பக்கம் கட்டிவிடுவார்கள். இரண்டு பக்கம்தான். அதில் அழுகை இல்லை, ஆத்திரம் இல்லை. நாய் குரைத்துவிடுமோ என்ற பயம் மட்டும் இருந்தது. வட்டிக்கு வாங்கிய காசைப் பற்றி நான் எழுதிய எதிலும் அந்த நாய் இல்லை.

மேல்மாடி அறையிலேயே இருந்திருந்தால் அந்தக் கொப்பி எனக்குக் காட்டப்பட்டிருக்காது. அதனால்தான் சொல்கிறேன், வருகிற கலைஞரின் மேசையை வெளியே போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முடிந்த படம் பிள்ளைகளை மிரட்டும். அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் அவர்களுக்குத் தெரியும். வரைந்துகொண்டிருக்கிற படம் அப்படியில்லை. ஒரு கை பிழையாக வந்து, கலைஞர் தலையைச் சொறிந்து, அதை அழித்து, திரும்ப வரைவதைப் பார்க்கிற பிள்ளைக்கு இதைத் தானும் செய்துபார்க்கலாமோ என்ற எண்ணம் வரும். பிழை விடுவது ஒரு பெரிய ஆளுக்கும் நடக்கிற காரியம் என்று பரீட்சையிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வேறு எங்கே தெரியவரும்?

கலைப்பாடம் இல்லாத கல்லூரி என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாக நினைக்கவேண்டாம். 1936 இல் அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் ஜோன் ஸ்டுவர்ட் கர்ரி என்ற ஓவியரை வதிவிடக் கலைஞராக அழைத்தது. அந்த நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் அப்படி ஒருவரை வைத்திருந்தது அதுதான் முதல் தடவை என்று சொல்வார்கள். அவரைச் சேர்த்தது விவசாயக் கல்லூரியில்! அவருக்கு வகுப்பு எடுக்கிற கடமை இல்லை. அவருக்கென்று ஓர் ஓவியக்கூடம் கட்டிக் கொடுத்தார்கள். அவர் அதோடு நிற்காமல் ஊர் ஊராகப் போய், தோட்டவேலை முடிந்தபின் படம் வரைகிறவர்களைத் தேடிப் பார்த்துப் பேசினார். 1940 இல் கிராமத்து ஓவியர்களின் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி அங்கே தொடங்கியது. 1946 இல் சாகும்வரை அவர் அந்தப் பதவியில்தான் இருந்தார். பத்து வருடம். நாம் மூன்று மாதம் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை என்று கவலைப்படுகிறோம். முடிந்தால் ஒரே கலைஞரை இரண்டு மூன்று வருடம் திரும்பத் திரும்ப அழையுங்கள். முதல் வருடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போன பிள்ளை அடுத்த வருடம் வந்து இருந்து பார்க்கும்.

உங்களிடம் கட்டடத் தொழில்நுட்ப மாணவர்கள் இருக்கிறார்கள் என்று வாசித்தபோது எனக்கு வங்காளத்தில் தாகூர் நடத்திய சாந்திநிகேதன் நினைவுக்கு வந்தது. அங்கே ராம்கிங்கர் பைஜ் என்ற சிற்பி 1938 இல் ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பத்தைப் பெரிய சிற்பமாகச் செய்தார். வெண்கலமும் இல்லை, பளிங்கும் இல்லை. சீமெந்தும் செம்மண் சரளையும்தான், நாம் றோட்டுக்குப் போடுகிற கிரவல் மாதிரி. செய்ததும் வெட்டவெளியில். அப்படி ஒரு சிற்பி உங்கள் வளாகத்துக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கலவையில் தண்ணீர் கூடிவிட்டது, உள்ளே கம்பி போதாது, வெயிலில் வெடிக்கும், சாக்கை நனைத்துப் போடுங்கள் என்று உங்கள் பிள்ளைகள் அவருக்குச் சொல்லுவார்கள். கலைஞருக்குத் தெரியாத ஒன்று தமக்குத் தெரியும் என்று ஒரு மாணவன் உணர்கிற இடத்தில் பேச்சு தானாகத் தொடங்கும். ஆகவே உங்கள் பிள்ளைகளின் கைத்தொழிலுக்குக் கிட்ட வரக்கூடிய கலைஞராகப் பாருங்கள். பெயர் பெற்றவரா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

வெளியூரிலிருந்துதான் ஆள் வரவேண்டும் என்றும் இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைக்க முந்தியே நம்மிடம் இது இருந்தது. கூத்துப் பழக்க அண்ணாவியார் ஒரு ஊருக்கு வந்தால் மாதக்கணக்கில் தங்குவார். ஊர்தான் அவருக்குச் சாப்பாடு போடும். பகலெல்லாம் வயலில் நின்ற பெடியன் இரவில் அவர் முன்னால் தாளம் தவறித் தவறி ஆடித்தான் கூத்தனானான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து மாணவர்களுக்குப் பழக்கியதும் இதே வழியில்தான். அப்படி ஆடிய மாணவர்களில் ஒருவர்தான் பிறகு கூத்தையே தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்ட மௌனகுரு. முல்லைத்தீவில் கோவலன் கூத்து இருக்கிறது. மன்னாரில் வடபாங்கு, தென்பாங்கு என்ற இரண்டு கூத்துப் பாணிகளும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வதிவிடக் கலைஞர் என்ற பதவியும், மற்றக் கலைஞருக்குக் கொடுக்கிற அதே காசும் கொடுத்துக் கூப்பிடுங்கள். விழாவுக்கு ஆடவைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலோடு அனுப்பிவைக்கிற வழக்கம் எனக்கு நெடுநாளாக வலிக்கிற விசயம்.

ஆனால் கூத்துக்கு இரவு வேண்டும், விடுதிப் பிள்ளைகள் வேண்டும். உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் பஸ்ஸில் வருகிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஏ9 வீதியிலிருந்து உள்ளே பத்துப் பதினைந்து கிலோமீற்றர் போகவேண்டிய பிள்ளைக்கு நாலரை மணி பஸ் போனால் வேறு வழியில்லை. "ஆர்வமுள்ளவர்கள் ஐந்து மணிக்கு வரலாம்" என்று அறிவித்தல் பலகையில் போட்டால் அந்தப் பிள்ளைகளை, அதிலும் பொம்பிளைப் பிள்ளைகளை, நாமே வெளியே நிற்பாட்டிவிடுகிறோம். நேரசூசியில் பகலில் இரண்டு மணித்தியாலம் கேட்டு வாங்குங்கள். அதற்காக அதிபரோடு சண்டைபிடிக்கவேண்டி வந்தாலும் பிடியுங்கள். ஆனால் புள்ளி போடவேண்டாம். புள்ளி என்று வந்த உடனே பிள்ளைகள் கலைஞருக்குப் பிடித்ததைச் செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

மாதத்தையும் யோசியுங்கள். கார்த்திகை மார்கழியில் குளங்கள் வான் பாய்ந்து பாதி றோட்டு தண்ணீருக்குள். தை பிறந்தால் அரிவு வெட்டு, எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள். வைகாசிக்குப் பிறகு வைத்தால் மரநிழலில் வேலை செய்யலாம். காசு மிஞ்சினால் பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய வர்ணத்துக்கும் தூரிகைக்கும் செலவழியுங்கள். பனரும் பொன்னாடையும் விழா மலரும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்: எந்தப் பிள்ளையிடமும் யுத்தக் கதையைக் கேட்கக்கூடாது. 2009 இல் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடப்பட்ட பிள்ளைகள்தான் இன்று உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். சிலருக்கு அது நினைவில் இருக்கிறது, சிலருக்கு வீட்டில் யாரும் பேசாத ஒன்றாக இருக்கிறது. வன்னிக்கு வருகிற கலைஞர்களில் பலர் நல்ல மனதோடுதான் வருகிறார்கள், ஆனால் இரண்டாம் நாளே "உன் கதையைச் சொல்லு, உன் இழப்பை வரை" என்று தொடங்கிவிடுகிறார்கள். பிள்ளை அழும், படம் நன்றாக வரும், கலைஞர் அதைக் கொண்டுபோய்க் கொழும்பில் மாட்டுவார். அந்தப் பிள்ளை அன்றிரவு விடுதியில் தனியாகக் கிடக்கும். பிள்ளை தானாகச் சொன்னால் கேட்கட்டும். மாமரத்தை வரைந்தால் மாமரத்தைப் பற்றியே பேசட்டும். பிள்ளைகள் செய்தது பிள்ளைகளுடையது. அவர்களைக் கேட்காமல் ஒரு தாளும் வளாகத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எனக்குக் கொப்பி காட்டிய பிள்ளையிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை இங்கே எழுதுகிறேன். நாயைப் பற்றி எழுதலாம், ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அவர் இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறார். கொப்பியின் பின்பக்கம் நிரம்பிவிட்டதா என்று கேட்டேன். இரண்டாவது கொப்பி என்றார்.

எந்த மாதம் என்று முடிவானதும் எழுதுங்கள். உங்கள் வளாகத்தில் மத்தியானத்துக்குப் பிறகும் நிழல் நிற்கிற மரம் எது, அதன் கீழ் பிள்ளைகள் நடந்துபோகிற பாதை இருக்கிறதா என்பதையும் பார்த்துவையுங்கள். மேசை தூக்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணை