நான்கு நெடுவரிசைகளிலிருந்து ஒரே பட்டியல்

கேள்வி: எங்கள் சங்கம் நடத்திய நான்கு ரத்ததான முகாம்களுக்கு வந்தவர்களின் கைப்பேசி எண்களை, முகாமுக்கு ஒரு நெடுவரிசை என எக்ஸெல்லில் ஏ முதல் டி வரை பதிந்து வைத்திருக்கிறேன். பலர் இரண்டு மூன்று முகாம்களுக்கு வந்தவர்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வரும் பட்டியல் வேண்டும். யுனீக் ஃபார்முலா கொடுத்தால் நான்கு நெடுவரிசைகளும் ஏறத்தாழ அப்படியே திரும்ப வருகின்றன; காலிக் கட்டங்களில் 0 தெரிகிறது. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: யுனீக், கட்டங்களைத் தனித்தனியாக ஒப்பிடுவதில்லை. நான்கு நெடுவரிசைகளைக் கொடுத்தால் ஒரு கிடைவரிசை முழுவதையும் ஒரே பதிவாகக் கொண்டு, நான்கு கட்டங்களும் ஒத்துப்போகும் இன்னொரு கிடைவரிசை இருந்தால் மட்டுமே அதை நீக்கும். உங்கள் தாளில் அப்படி இரண்டு வரிசைகள் அமைவது அரிது. ஆகவே, எண்கள் அனைத்தையும் முதலில் ஒரே நெடுவரிசையாக்க வேண்டும். அதற்கென்றே டுகால் (ஆங்கிலத்தில் TOCOL) இருக்கிறது:

=யுனீக்(டுகால்(ஏ2:டி61,1))

ஃபார்முலாவின் பெயர்களையும் கட்ட எழுத்துகளையும் ஆங்கிலத்திலேயே தட்டச்சு செய்யுங்கள். இதிலுள்ள 1, காலிக் கட்டங்களை விட்டுவிடச் சொல்கிறது. 3 என்று கொடுத்தால் பிழை காட்டும் கட்டங்களும் விடுபடும். விடை இறங்கும் இடத்துக்குக் கீழே ஏதேனும் பதிவு இருந்தால் 'ஸ்பில்' பிழை வரும் என்பதால், காலியான நெடுவரிசை ஒன்றில் எழுதுங்கள்.

இதற்குப் பிறகும் சில எண்கள் இரட்டிப்பாகவே வரக்கூடும். ஒருவர் எண்ணை இடைவெளி விட்டும், மற்றொருவர் முன்னால் +91 சேர்த்தும் பதிந்திருப்பார். ஒரு கட்டத்தில் எண்ணாகவும் வேறொன்றில் எழுத்தாகவும் சேமிக்கப்பட்டிருந்தால், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் எக்ஸெல்லுக்கு அவை வெவ்வேறு. இடைவெளிகளை நீக்கிவிட்டுக் கடைசி 10 இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்று சிக்கல்களும் ஒருசேரத் தீரும்:

=யுனீக்(ரைட்(சப்ஸ்டிடியூட்(டுகால்(ஏ2:டி61,1)," ",""),10))

சப்ஸ்டிடியூட், டுகாலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் காலிக் கட்டங்கள் வெற்று எழுத்தாக மாறிவிடும். டுகால் அவற்றைக் காலி என்று கருதாது, பட்டியலில் ஒரு வெற்றுக் கட்டம் வந்து நிற்கும். பெயர்களை விட்டுவிட்டுக் கைப்பேசி எண்களை அடிப்படையாகக் கொண்டீர்களே, அது நல்ல முடிவு. ஒரே பெயரில் இரண்டு கொடையாளர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

ஒரே ஒரு முகாமுக்கு மட்டும் வந்தவர்கள் யார் என்று அறிய வேண்டுமானால், யுனீக்கின் மூன்றாவது இடத்தில் ட்ரூ என்று கொடுங்கள். ஒரு முறைக்கு மேல் வந்த எண்கள் அடியோடு விலகிவிடும். ஆகவே முழுப் பட்டியல் கேட்கும்போது இதைச் சேர்த்துவிடக் கூடாது.

டுகால், மைக்ரோசாஃப்ட் 365-இலும் எக்ஸெல் 2024-இலும் உண்டு. 2021 பதிப்பில் யுனீக் மட்டுமே இருக்கிறது. 2016, 2019, 2021 பதிப்புகளை வைத்திருப்பவர்கள், டேட்டா பகுதியிலிருந்து அட்டவணையை எக்ஸெல்லிலேயே உள்ள பவர் குவெரி என்ற கருவிக்குக் கொண்டுசென்று, நான்கு நெடுவரிசைகளையும் தேர்ந்து 'அன்பிவட் காலம்ஸ்' கொடுக்கலாம். காலிக் கட்டங்கள் தாமாகவே கழியும். கிடைக்கும் இரண்டு நெடுவரிசைகளில் 'வேல்யூ' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அதை டெக்ஸ்ட் வகைக்கு மாற்றி, 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' செய்தால் போதும். ஆனால் இடைவெளியையும் +91-ஐயும் முன்னதாகவே சரிசெய்திருக்க வேண்டும். அடுத்த முகாமின் எண்களைச் சேர்த்தபின் 'ரிஃப்ரெஷ்' அழுத்தினால்தான் இந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படும்.