நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன சம்பளம்?

படிப்பும் வேலையும்: வாசகர் கேள்வி பதில்

*என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.இ. சேர்ப்பதா, பி.எஸ்சி. சேர்ப்பதா என்று வீட்டில் தினமும் பேச்சு. ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வாசலில் ஒரு மாணவரின் படத்தைப் போட்டு "ஆண்டுக்கு 44 லட்சம்" என்று பேனர் வைத்திருக்கிறார்கள். அதை நம்பிக் கடன் வாங்கலாமா?*
ஒரு தாய், திருவண்ணாமலை

அம்மா, பேனரில் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். யாரோ ஒரு பிள்ளைக்கு அவ்வளவு கிடைத்திருக்கும். நான் கோவையில் ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் பல வருடம் இருந்தவள். பேனரில் ஏறிய பிள்ளைகளை எல்லோருக்கும் தெரியும். பட்டியலின் நடுவில் இருந்த பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்ட பெற்றோர் மிகக் குறைவு. நீங்கள் அதைத்தான் கேட்க வேண்டும்.

வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால், சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது இடைநிலைச் சம்பளம். சராசரியை நம்பாதீர்கள். ஒரே ஒரு 44 லட்சம் போதும், சராசரி எங்கோ ஏறிவிடும். நடுவில் நிற்பவரை அது அசைக்காது.

இந்த எண்ணைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் என்.ஐ.ஆர்.எஃப். என்ற கல்லூரித் தரவரிசையை வெளியிடுகிறது. அதில் பங்கேற்கும் கல்லூரி எத்தனை பேரைச் சேர்த்தது, எத்தனை பேர் காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பல கல்லூரிகளின் இணையதளத்திலேயே அந்தத் தாள் இருக்கும். கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், தேடுங்கள். அது கல்லூரியே கொடுத்த கணக்கு என்பதையும், வேலை கிடைக்காதவர்கள் அந்த இடைநிலையில் சேரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே சம்பளத்தைப் பார்க்கும் முன் சேர்ந்தவர் எத்தனை, வேலைக்குப் போனவர் எத்தனை என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளே இல்லாத கல்லூரியில், வேலைவாய்ப்பு அதிகாரியைப் பார்த்து நேரடியாகக் கேளுங்கள். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

இனி பி.இ.யா, பி.எஸ்சி.யா? பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் சாதாரண பி.இ. பட்டதாரிக்குத் தொடக்கம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான். பத்து வருடத்துக்கும் மேலாக அந்த எண் பெரிதாக நகரவில்லை. விலைவாசி மட்டும் நகர்ந்தது, எனக்கு இதில் இன்னும் ஆற்றாமை உண்டு. பி.எஸ்சி., பி.சி.ஏ. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் நிறுவனத்தின் 2.52 லட்சம் ரூபாய் வேலை அறிவிப்பு பெரிய சர்ச்சையானபோது, அது மூன்று வருடப் பட்டதாரிகளுக்கானது, பொறியாளர்களுக்கு 4 லட்சத்திலிருந்து தொடங்குகிறது என்று நிறுவனமே விளக்கம் சொன்னது. ஆக, வாசலில் வித்தியாசம் இருக்கிறது.

ஆனால் அந்த வித்தியாசத்துக்கு நீங்கள் என்ன விலை கொடுக்கிறீர்கள்? கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்தால் பி.இ. சேருங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கும். இவை எதுவும் இல்லாமல், இடைநிலை மூன்றரை லட்சம் உள்ள கல்லூரிக்குப் பெரிய கடன் வாங்கிச் சேர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி., அப்புறம் டான்செட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி இரண்டு வருட எம்.சி.ஏ. மொத்தம் ஐந்து வருடம் ஆகும். ஆனால் பல நிறுவனங்கள் எம்.சி.ஏ.வை பி.இ.யோடு ஒரே வரிசையில் எடுக்கின்றன, கடனும் தலையில் இருக்காது.

*வளாகத் தேர்வில் 3.6 லட்சம் சி.டி.சி. என்று ஆஃபர் வந்திருக்கிறது. மாதம் 30,000 வரும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சரிதானே?*
ஒரு மாணவர், வேலூர்

இல்லை தம்பி. சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். அடிப்படைச் சம்பளம் 15,000, ஆண்டு முடிவில் வரும் 'வேரியபிள் பே' பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 30,000இல் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, ஒதுக்குவது சுமார் 720, வேரியபிள் 3,000. இவை போனால் 24,480. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 பிடித்தால் 22,680. தொழில் வரியும் காப்பீடும் இன்னும் கொஞ்சம் எடுக்கும். கைக்கு வருவது 22,000 சொச்சம்.

பி.எஃப். பணம் தொலைந்துபோகவில்லை, இரண்டு பங்கும் உங்கள் பெயரில்தான் சேர்கிறது, நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி மட்டும் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். வேலை மாறும்போது அதை எடுத்துச் செலவு செய்யாமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டி வாங்கப் பொதுவாக ஐந்து வருடம் பணியில் இருக்க வேண்டும். வேரியபிள், நிறுவனம் தந்தால் உண்டு. அப்புறம், ஆஃபர் லெட்டரில் பாண்ட், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம், இருக்கிறதா, எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். அப்பாவிடம் இன்றைக்கே சரியான எண்ணைச் சொல்லிவிடுங்கள். அவர் 30,000 வரும் என்று கணக்கில் வைத்துத் தவணை ஏதும் போட்டுவிடக் கூடாது.

*பி.காம். முடித்தேன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்டேஷன் பிரிவில் 15,000. கோவையில் பி.பி.ஓ.வில் இரவு ஷிப்ட், 19,000. வீட்டில் கோவை என்கிறார்கள்.*
ஒரு வாசகி, அவிநாசி

திருப்பூர் போங்கள் கண்ணு. நான்காயிரம் சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். அவிநாசியிலிருந்து தினமும் போய்வரலாம், கோவையில் ஹாஸ்டல் எடுத்தால் அந்த நான்காயிரமும் அதற்கு மேலும் போய்விடும். பெரிய காரணம் வேலையில் இருக்கிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், தூத்துக்குடியில் கப்பலேறியதும் வரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங், பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதமான எல்.சி., ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் எல்லாம் உங்கள் கை வழியாகப் போகும். எல்.சி.யில் எழுதியிருப்பதற்கும் நீங்கள் கொடுக்கும் தாளுக்கும் ஓர் எழுத்து மாறினாலும் வங்கி பணத்தை நிறுத்திவைக்கும். அதைப் பிழையில்லாமல் செய்யத் தெரிந்த ஆளை எந்தக் கம்பெனியும் விடாது. பையருக்கு, அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்குபவருக்கு, ஆங்கிலத்தில் மெயில் எழுதவும் பழகிவிட்டால், ஆர்டரைப் பேசி முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசிங் பக்கம் போகலாம், சம்பளம் அங்கேதான் ஏறும்.

பி.காமில் 55 சதவீதம் வாங்கியிருந்தால் சி.ஏ.வில் ஃபவுண்டேஷன் என்ற முதல் கட்டத் தேர்வை எழுதாமல் நேரே இன்டர்மீடியட் பதிவு செய்யலாம். ஆர்ட்டிகல்ஷிப் என்ற பயிற்சிக் காலமும் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அது கடினமான பாதை, பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கில் உண்மையான பிடிப்பு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

*மெக்கானிக்கல் பி.இ. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் கூப்பிடுகிறார்கள். போகலாமா?*
ஒரு வாசகர், அரியலூர்

முதலில் கேட்க வேண்டியது: கம்பெனியே நேரடியாக எடுக்கும் கம்பெனி ரோலா, ஒப்பந்ததாரர் வழியாக எடுக்கும் கான்ட்ராக்ட்டா, பயிற்சிக்கு மட்டும் எடுக்கும் அப்ரென்டிஸா? மூன்றுக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன், பாதை மட்டும் வேறு. கம்பெனி ரோலில் டிரெய்னி என்றால் சம்பளம் குறைவாக இருந்தாலும் போங்கள். அப்ரென்டிஸ் என்றால் ஒரு வருடம் முடிந்ததும் எத்தனை பேரை நிரந்தரமாக எடுத்தார்கள் என்று போன வருடப் பையன்களிடம் விசாரியுங்கள். கான்ட்ராக்ட்டில் உற்பத்தி லைனில் நிறுத்துவார்கள் என்றால் வேண்டாம். தரக் கட்டுப்பாடு, டூல் ரூம், டிசைன் என்று கற்கும் இடமாகப் பாருங்கள்.

*மகன் பி.ஏ. வரலாறு. வயது 26. நான்கு வருடமாக குரூப் 4க்குப் படிக்கிறான். விடச் சொல்லலாமா?*
ஒரு தந்தை, ராமநாதபுரம்

விடச் சொல்ல வேண்டாம் ஐயா, அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குரூப் 4இல் வரும் இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500இல் தொடங்குகிறது, அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்தால் மொத்தம் 30,000ஐத் தாண்டும். நல்ல வேலைதான். ஆனால் 2024இல் 6,244 இடத்துக்கு அறிவிப்பு வந்தபோது 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். பிறகு இடங்களைக் கூட்டியும் நெரிசல் குறையவில்லை. நான்கு வருடம் படித்தும் கிடைக்காத பிள்ளையைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அதே படிப்போடு வங்கித் தேர்வையும் சேர்க்கச் சொல்லுங்கள். எந்தப் பட்டமும் போதும். கிளார்க் பணியில் அடிப்படை 24,050இல் தொடங்குகிறது, தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்குச் சாதகம். கணக்கிலும் ரீசனிங்கிலும் வேகம்தான் அவருக்குப் புதிதாக இருக்கும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 28, ஓ.பி.சி.க்கு மூன்று வருடம் கூடுதல். அந்தச் சலுகைக்கு மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், உங்களிடம் இருக்கும் சாதிச் சான்றிதழ் போதாது. உங்களுக்கு அது பொருந்தும் என்றால், அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.