பட்டிக் கேள்விகள்: கூப்பிட்டால் வரும் கயோட்டி

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் இந்தப் பகுதியில் வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். ஒருவர் புதரில் உட்கார்ந்து விரல் நீளக் குழல் ஒன்றை ஊதுகிறார். கொஞ்ச நேரத்தில் கயோட்டி எதிரே வந்து நிற்கிறது. இது நிஜமா? கயோட்டி நரியா, ஓநாயா? (வாசகர், வேலந்தாவளம்)

பதில்: நிஜம்தான். நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கயோட்டி இரண்டும் இல்லை, தனி விலங்கு. நம் நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. பெரும்பாலும் 10 முதல் 20 கிலோவுக்குள் இருக்கும். முன்பு வட அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில்தான் அதிகம். அங்கே ஓநாய்களைச் சுட்டும் விஷம் வைத்தும் தீர்த்த பிறகு, அவை காலி செய்த இடமெல்லாம் இதற்கு வந்துவிட்டது. இன்று அலாஸ்காவிலிருந்து பனாமா வரை இருக்கிறது.

என் மகள் டெக்சாஸில் லப்பக் ஊர்ப் பக்கம் இருந்தபோது ஒரு மார்கழி முழுக்க அங்கே தங்கினேன். சுற்றிலும் பருத்திக்காடு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடு பள்ளம் இல்லாத தரை. பக்கத்துப் பண்ணைக்காரர் செம்மறி வைத்திருப்பவர். என் வேலையைக் கேட்டறிந்ததும், "நாளை விடியலில் வாருங்கள்" என்றார்.

வண்டியை ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் அழுத்தி மூடினார். நடந்து போய்ப் புதரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தோம். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்து அமுக்கினார். முகப்பவுடர் மாதிரி வெள்ளைப் பொடி பறந்து, மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. அது போன திசையை விரலால் எனக்குக் காட்டினார். துப்பாக்கியை எடுக்கும் முன்னால் செய்த வேலை இதுதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் அடிக்கும் காற்றில், எந்த வீட்டுக் குழம்பு வாசனை எந்த வீட்டுக்குப் போகும் என்று நமக்கே தெரியும். கயோட்டிக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

குழலுக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. நாதஸ்வரத்துச் சீவாளி செய்யும் வேலையை அது செய்கிறது. ஊதும்போது கையை மூடித் திறந்தால் சத்தம் அழுகையாக நெளிகிறது. அது அடிபட்ட முயலின் அலறல். அங்கே ஜாக் ராபிட் என்று நீளக்காது முயல் உண்டு. பருந்து பிடித்தால் அது பச்சைக் குழந்தை மாதிரி வீறிடும். அரை நிமிடம் ஊதினார், நிறுத்தினார், மறுபடி ஊதினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கயோட்டி பன்னிரண்டாவது நிமிடத்தில் வந்தது. நேராக வரவில்லை. எதிரே தலையைக் காட்டிவிட்டு, பெரிய வட்டமாகச் சுற்றி, பொடி பறந்து போன அதே திசைக்குப் போனது. அங்கே நின்று மூக்கை உயர்த்தியது, காது இரண்டும் முன்னால் மடங்கின. அடுத்த நொடி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டது. அவர் சுடவில்லை, அதற்கு நேரமே கிடைக்கவில்லை. ஒரு முறை ஏமாந்து தப்பித்தது அந்தச் சத்தத்துக்கு அப்புறம் சுலபத்தில் வராது என்றார்.

பதினைந்து, இருபது நிமிடம் காத்திருந்தும் வராவிட்டால் எழுந்து வேறு இடம் போய்விடுகிறார்கள். இப்போது ரிமோட்டில் இயங்கும் ஒலிபெருக்கி வந்துவிட்டது. அதைத் தள்ளி வைத்தால் விலங்கின் கண் ஆள்மேல் விழாது. பக்கத்தில் மோட்டாரில் ஆடும் ஒரு ரோமக்கொத்தையும் நட்டு வைக்கிறார்கள். தை, மாசியில் ஜோடி சேரும் காலம் என்பதால் முயல் சத்தத்தோடு ஊளையும் போடுகிறார்கள். தன் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டான் என்று விரட்டிவிட வரும்.

கேள்வி: நான் சிப்பிப்பாறை வளர்க்கிறேன். அமெரிக்காவில் நாய் விட்டுக் கயோட்டி பிடிப்பார்களாமே, எந்த இன நாய்? (வாசகர், கோபாலபுரம்)

பதில்: மூன்று விதமாக நாயைப் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் சிப்பிப்பாறை போலக் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனங்கள் ஒரு வகை. கிரேஹவுண்ட், அதோடு ஸ்காட்லாந்து மான்வேட்டை நாயைக் கலந்த ஸ்டாக்ஹவுண்ட். டெக்சாஸ், கன்சாஸ் போன்ற வெட்டவெளிச் சமவெளிக்குத்தான் இது சரிப்படும். பிக்கப் வண்டியின் பின்னால் பெட்டியில் நாய்களை வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். கயோட்டி கண்ணில் பட்டதும் கதவைத் திறந்துவிடுவார்கள். கயோட்டியே மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கிரேஹவுண்ட் அதைவிட வேகம், ஆனால் தூரம் தாங்காது. முதல் ஓட்டத்தில் பிடிக்காவிட்டால் பிடிக்காது. முள்கம்பியில் விழுந்து கிழிந்து தையல் போடும் நாய்கள் நிறைய. இரண்டாவது, மோப்பம் பிடித்துக் குரைத்துக்கொண்டே மணிக்கணக்கில் போகும் ஹவுண்டுகள். காடும் புதரும் உள்ள பகுதிக்கு அவை. கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ் கட்டி அனுப்புகிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு ஒப்பாதது. கயோட்டி சித்திரை, வைகாசியில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு. அந்த நேரம் குகைப் பக்கம் ஒரு நடுத்தர அளவு நாயை அனுப்புகிறார்கள். குட்டியைக் காக்கத் தாயும் தகப்பனும் நாயைத் துரத்திக்கொண்டு வரும். நாய் நேராகத் தன் எஜமானிடம் திரும்பி ஓடி வரும். அங்கே துப்பாக்கி தயாராக இருக்கும். ஆட்டுக்குட்டிகள் அதிகம் போகும் காலமும் அதுதான், அதனால்தான் செய்கிறோம் என்று பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பெற்றோரைச் சுட்டபின் குகைக்குள் கிடக்கும் குட்டிகளை நினைத்தால் மனசு ஒப்பவில்லை. எத்தனை கயோட்டிகளைக் கொன்றோம் என்று போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதை அங்கேயே பலர் எதிர்த்து, கலிஃபோர்னியா 2014-லும் வெர்மான்ட் 2018-லும் தடை செய்துவிட்டன.

உங்கள் நாயை வைத்து இங்கே எதையும் துரத்த வேண்டாம் தம்பி. 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை. நாய் விட்டுத் துரத்துவது, கண்ணி, பொறி, இரை வைத்து இழுப்பது எல்லாமே வேட்டைதான். நரியும் காட்டு முயலும் அந்தப் பாதுகாப்பில் வருகின்றன. யூடியூபில் இருக்கும் முயல் அலறலை ஸ்பீக்கரில் போட்டு நரியை வரவழைக்கும் ஆசையும் வேண்டாம்.

கேள்வி: அண்ணா, பதினோரு வெள்ளாடு வைத்திருக்கிறேன். இந்த மாதம் இரண்டு குட்டி போய்விட்டது. நரிதான் என்கிறார்கள். விஷமோ வெடியோ வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்ய? (வாசகி, எருத்தேம்பதி)

பதில்: அம்மா, வெடி வேண்டவே வேண்டாம். 2020 மே மாதம் நம் மாவட்டத்திலேயே மண்ணார்க்காட்டுப் பக்கம் வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை, வாய் கிழிந்து, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. விஷம் வைத்தால் மயிலும் உங்கள் வீட்டு நாயும்தான் முதலில் சாகும்.

செத்த குட்டியை நீங்கள் பார்த்தீர்களா? டெக்சாஸ் பண்ணைக்காரரும் நானும் ஒரே மாதிரி வேலை செய்பவர்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். அவரும் செத்த ஆட்டின் கழுத்துத் தோலைத்தான் முதலில் உரிக்கிறார். தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியிருந்தால், உயிரோடு இருக்கும்போது கடி விழுந்திருக்கிறது. ரத்தக்கட்டே இல்லாமல் பல் ஓட்டை மட்டும் இருந்தால், துள்ளுமாரி நோயிலோ வேறெதிலோ செத்து, அப்புறம் நரி வந்து தின்றிருக்கிறது. தொடை, காது, வால் என்று கண்ட இடமெல்லாம் கிழிந்து, தின்னாமல் போட்டிருந்தால் அது தெருநாய். என் வேலைக்காலத்தில் நரி என்று கூப்பிட்டுப் போய்ப் பார்த்ததில் பாதிக்கு மேல் நாய்தான்.

கயோட்டியை எவ்வளவு சுட்டாலும் ஒரு ஜோடி போன இடத்துக்கு வேறு ஜோடி வந்துவிடுகிறது. அதனால் அந்தப் பண்ணைக்காரரே இப்போது பைரனீஸ் என்ற பெரிய வெள்ளை நாய்கள் இரண்டைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்த்துப் பட்டியில் விட்டிருக்கிறார்.

நீங்கள் இன்று ராத்திரியே செய்ய வேண்டியது: குட்டிகளைக் குடாப்புக் கூடையால் கவிழ்த்து மூடி மேலே கல் வையுங்கள். கிளுவை வேலியின் அடியில் சந்து இருந்தால், கம்பி வலையை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கி மண்ணுக்குள் பதியுங்கள். ஆடு ஈன்றதும் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) பட்டியை விட்டுத் தள்ளி ஆழமாகப் புதையுங்கள். மறுபடி ஒரு குட்டி செத்தால், புதைக்கும் முன்னால் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள், அவர்கள் தோலை உரித்துப் பார்க்கட்டும்.